நிறம் ஒட்டாத புத்தகம்

யுத்தம் முடிந்த வருடம் கல்முனையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் வாசிப்புத் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்குப் பொருத்தமான புத்தகத்தை எப்படித் தெரிவு செய்வது என்பதுதான் விஷயம். கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். வெக்கையில் சேர்ட் முதுகோடு ஒட்டிக்கிடக்க, வலது கையை விரித்துப் பிடித்துக்கொண்டு விளக்கினார். ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டுமாம். பிள்ளை தடுமாறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டுமாம். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்குக் கடினம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு விரலும் மடங்கல்லண்டா, சேர்?" என்று கேட்டேன்.

"அப்படியென்றால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்குத் தண்ணி பட்ட பாடு. அடுத்த தரத்துக்குப் போகலாம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த டீச்சர் முழங்கையால் இடித்தார். ஏன் சிரித்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிக் குனிந்துகொண்டேன். சொல்லத் தொடங்கினால் அவருடைய தேநீர் இடைவேளையும் போயிருக்கும், பகல் சாப்பாடும் போயிருக்கும். அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அந்த வகுப்புக்கு நாலைந்து வருடம் முன்பு, சுனாமியில் கடல் வந்து போன பிறகு, எங்கள் பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது கிணற்றுக் கட்டும் கொடிக்கம்பமும்தான். ஊருக்குள் வயல் பக்கமாக இருந்த இன்னொரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பின்னேரம் இடம் தந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மணியடித்துப் போன பிறகு எங்கள் பிள்ளைகள் உள்ளே போவார்கள். எனக்குக் கிடைத்தது பின்பக்கத்தில் அவசரமாகப் போட்ட ஒரு தகரக் கொட்டில். பகல் முழுக்க வெயில் குடித்த தகரம் பின்னேரம் அதையெல்லாம் எங்கள் தலையில் இறக்கிவிடும். அந்தக் கொட்டிலில்தான் புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கின.

எங்கிருந்தெல்லாமோ வந்தன. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். ஆனால் ஒரு பெட்டி முழுக்கப் பனிமலை. இன்னொரு பெட்டி முழுக்க அரண்மனையும் இளவரசியும். குளிருக்குக் கம்பளி போர்த்திய கரடிகளைப் பார்த்து, வியர்வை சொட்டச் சொட்ட இருந்த எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

பெட்டிகளைப் பிரித்த அன்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரதி அதிபரும் கூட இருந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் புரட்டினார். கடல் இருக்கிற புத்தகம், வள்ளம் இருக்கிற புத்தகம், மீன், அலை, கரை என்று படம் போட்ட புத்தகம், எல்லாவற்றையும் ஒரு பக்கமாக வைத்தார். பிறகு அந்தக் குவியலை இரும்பு அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டினார்.

"இப்பதான் புள்ளயள் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கியிருக்கு, டீச்சர். இதுகளக் காட்டி என்னத்துக்கு நோவிக்கிற?" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது. அந்த நாட்களில் கடற்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கே எங்களுக்கு மனம் வரவில்லை.

மிச்சப் புத்தகங்களுக்குத் தரம் பிரிப்பது என் வேலை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டக் கடதாசி வெட்டி ஒட்டினேன். சிவப்பு தொடக்கம், மஞ்சள் நடு, பச்சை மேலே. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். தடக்குப்பட்டால் சிவப்பு, கொஞ்சம் திக்கினால் மஞ்சள், ஓட்டமாக வாசித்தால் பச்சை. கொழும்பு அதிகாரியின் ஐந்து விரல் வித்தையேதான்.

அதில் ஒரு பிள்ளை. கடற்கரை வீதிப் பிள்ளை, அப்போது பத்து வயதிருக்கும். உம்மாவையும் தம்பியையும் கடல் கொண்டுபோய்விட்டது. வாப்பா மீனவர். அன்றைக்கு வள்ளத்தில் ஆழத்தில் நின்றதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கடலில் நின்றவர்கள் திரும்பி வந்தார்கள், கரையில் நின்றவர்கள் போனார்கள். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது வாப்பாவும் மகளும், உம்மாவின் தங்கையான சாச்சியின் குடும்பத்தோடு தகர வீட்டு முகாமில் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளையிடம் இருந்ததிலேயே பெரிய புத்தகத்தைக் கொடுத்தேன். பிள்ளை அதை மடியில் வைத்து, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டு, மூச்சு விடுகிற இடத்தில் மட்டும் நின்று, கடகடவென்று வாசித்தது. ஒரு சொல்லில் தடக்கவில்லை. குரலோ தேன். மற்றப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ்!" என்று வாய்விட்டுச் சொல்லி, பச்சை வட்டத்தைக் கையில் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாச்சியைச் சந்தையில் கண்டேன். இடுப்பில் ஒரு பிள்ளை, காலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பச்சை வட்டம் வந்த கதையைச் சொல்லி மகிழ்ந்தவர், மரக்கறியைத் தெரிவு செய்துகொண்டே மற்றதையும் சொன்னார்.

"எனக்கு ஒரு கை உதவி இல்ல, டீச்சர். இவள வீட்டுல நிப்பாட்டுவம் எண்டு மச்சானிட்டச் சொன்ன. பொம்புளப் புள்ள, முகாமுல இரிக்கம், இனிப் படிச்சு என்ன எண்டு. அவரு கேட்கல்ல. அவட உம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவா, என்ட மகள் தண்ணி மாதிரி வாசிப்பாள் எண்டு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மச்சான் அனுப்புறாரு. வாசிப்பு இரிக்கிற வரைக்கும் போகட்டும் எண்டு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்கு வள்ளம் வரச் சுணங்கின. மச்சானக் காணல்லயே எண்டு பாக்கத்தான் எங்கட ராத்தா, இவட உம்மா, சின்னவனையும் தூக்கிட்டுக் கரைக்குப் போன. மச்சான் அதப்பத்தி இண்டு வரைக்கும் வாய் தொறக்கல்ல. புதுசா வள்ளம் குடுத்திருக்காங்க, அதுலயும் ஏறல்ல."

அவருடைய பையிலிருந்து விழுந்த வெங்காயத்தைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

சில கிழமைகள் போயின. பச்சைக்காரி புத்தகத்துக்கு மேல் புத்தகம் முடித்தாள். எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் பின்னேரம் சும்மா கதை கேட்போமே என்று பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் கையில் இருந்தது பனிமலைக் கரடிக் குடும்பத்தின் கதை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கரடிதான்.

"மகள், கரடி ஏன் வெளிய வராம இருந்த?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். புத்தகத்தைத் திறந்து, ஆடிக்கொண்டு, முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

"வாசிக்க வேணாம். கதையச் சொல்லுங்க."

"முடிச்சிட்டன், டீச்சர்."

"முடிச்ச சரி. கரடி என்ன செஞ்ச?"

"எந்தக் கரடி?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம். "புத்தகம் முழுக்கக் கரடி நிக்கிது, எந்தக் கரடி எண்டு கேக்கிறயே புள்ள!" என்று கத்திவிட்டேன். அவள் பயப்படவில்லை. நான் ஏன் கோபப்படுகிறேன் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. ஒரு பிழையும் விடாமல் வாசித்து முடித்த பிள்ளையை எதற்காக ஏசுகிறார் இந்த டீச்சர் என்று அவள் கண் கேட்டது.

மறுநாள் காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வீட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து வளவு ஓதப்பள்ளி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, குர்ஆன் பாடம் ஓதிக்கொண்டிருந்தார்கள். அதே ஆட்டம். மூச்சு விடுகிற இடமும் அதே இடம். ஈரத் துணியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் முதலில் வாசிக்கப் பழகுவது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் 'அ' எழுதும் முன்பே அரபு எழுத்துக் கூட்டி ஓதத் தொடங்கிவிடும். பொருள் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு. பொருள் வளர்ந்த பிறகு வரும், வராமலும் போகும். பிழையில்லாமல், அழகாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஓதிக்கொடுக்கும் லெவ்வையிடம் ஒப்புவித்தால் பாடம் முடிந்தது. நானும் அப்படித்தான் ஓதினேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை எல்லா வாசிப்பும் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தது. தமிழ்ப் புத்தகத்திலும் அழகாக ஓதி முடித்தால் போதும், உள்ளே கரடி இருந்தால் என்ன, யானை இருந்தால் என்ன?

அன்று பின்னேரம் பச்சையைத் திருப்பி வாங்கி, சிவப்பு வட்டம் ஒட்டிய மெல்லிய புத்தகம் ஒன்றை ஒருவரும் பார்க்காமல் அவள் பையில் வைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான். வரி சின்னதாக இருந்தால் பொருளும் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கை முறித்தவன் சாச்சியின் மகன். இரண்டாம் வகுப்பு. அவனிடமும் சிவப்பு வட்டப் புத்தகம் இருந்தது. வீட்டில் அவளுடைய பையைக் கிண்டி, "ராத்தாக்கும் சிவப்பு! ராத்தாக்கும் சிவப்பு!" என்று முகாம் முழுக்கக் கூவிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே வாப்பா கொட்டில் வாசலில் நின்றார். உயரமான மனிதர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், கண் சிவந்திருந்தது. மகள் அவருக்குப் பின்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன டீச்சர் இது? ஜுஸு மாறினா ஊருக்கே டொபி குடுக்கிறம். ஏறின புள்ளய ஒருத்தரும் எறக்குறல்ல. நீங்க எறக்கிப் போட்டிரிக்கீங்க!"

ஜுஸு என்பது குர்ஆனின் பாகம். ஒரு ஜுஸு முடித்து அடுத்ததற்குப் போகிற பிள்ளை ஓதப்பள்ளியில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்கும். அது எங்கள் வழக்கம். கீழே இறக்குவது என்ற பேச்சே கிடையாது. இருந்தால் அது அவமானம்.

அண்ணனை நாங்கள் நானா என்போம். "நானா, நான் எறக்கல்ல. அவவுக்கு எழுத்து வருகுது, கதைதான் வரல்ல. வாசிக்கிறது என்ன எண்டு விளங்கல்ல" என்றேன்.

"என்ட மனுசி கேட்டுட்டு இரிப்பா, இவ வாசிப்பா. அப்ப விளங்கின, இப்ப விளங்கல்லயா?"

"அப்பவும் விளங்கிருக்காது" என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அல்ஹம்துலில்லாஹ், விழுங்கிவிட்டேன்.

அவருடைய கோபம் திடீரென்று இறங்கிவிட்டது. வாசல் தூணில் கையை ஊன்றிக்கொண்டார். "சரி, டீச்சர். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத்தான் தெரியும். வாசிப்பு இல்லண்டா என்னத்துக்கு அனுப்புற? லீவு விடுமட்டும் வரட்டும். மறுகா வீட்டுல நிண்டு சாச்சிக்கு உதவி செய்யட்டும்."

அவர் போய்விட்டார். அந்தப் பிள்ளை உள்ளே வந்து தன்னுடைய இடத்தில் உட்கார்ந்தது. அழவும் இல்லை. நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். லீவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் இவள் ஒரு கதையை விளங்கி வாசிக்க வேண்டும், அதை வாப்பா நம்ப வேண்டும். இல்லாவிட்டால் பத்து வயதில் படிப்பு முடிந்தது.

தலைகீழாக நின்று பார்த்தேன். இளவரசிக் கதை, முயல் கதை, அப்பிள் மரக் கதை. மெல்ல வாசி என்றால் மெல்ல ஓதினாள். படத்தைப் பார் என்றால் படத்தைப் பார்த்துக்கொண்டு ஓதினாள். என்ன விளங்கியது என்று கேட்டால் கடைசி வரியை மனப்பாடமாகச் சொன்னாள். "யா அல்லாஹ், எனக்குப் பொறுமையைத் தா" என்று நான் சொல்வதை வகுப்பே சேர்ந்து சொல்லப் பழகிவிட்டது.

லீவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி முடிந்துவிட்டது. புதுப் பெட்டி இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. பிரதி அதிபரிடம் திறப்பு வாங்கி வந்து திறந்தேன். பெட்டியைப் பிடிக்க இவளைக் கூப்பிட்டிருந்தேன். கதவு திறந்ததும் அவள் கை வெண்கட்டிக்குப் போகவில்லை. நடுத்தட்டில் இருந்த ஒரு புத்தகத்துக்கு நேராகப் போனது. அட்டையில் நீலக் கடல், அதில் ஒரு வள்ளம்.

வை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதையும் இப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஏனோ தெரியவில்லை, அதை வாங்காமலே அலுமாரியைப் பூட்டி, திறப்பைப் பிரதி அதிபரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

கொட்டிலின் மூலையில் போய் உட்கார்ந்தாள். நான் மற்றவர்களுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு ஆடவில்லை. சத்தமும் இல்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. விரல் வரியின் கீழே மெதுவாகப் போனது, நின்றது. பிறகு இரண்டு வரி மேலே திரும்பிப் போனது.

ஓதுகிற பிள்ளை பாடத்தின் நடுவில் சும்மா திரும்பிப் போகாது. ஒன்று பிடிபடவில்லை, அதைப் பிடித்தே ஆக வேண்டும் என்கிறவர்கள்தான் அப்படித் திரும்பிப் போவார்கள். கையில் இருந்த வெண்கட்டி முறிகிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தேன்.

வகுப்பு முடியும் நேரம் அவள் என் மேசைக்கு வந்தாள். கோபமாக இருந்தாள்.

"டீச்சர், இந்தப் புத்தகம் பிழை."

"என்ன பிழை?"

"கரைவல இழுக்கிறாங்க எண்டு போட்டிரிக்கி. படத்துல எல்லாரும் ஒரு கயித்தப் புடிச்சி இழுக்கிறாங்க. மற்றக் கயிறு எங்க? ரெண்டு பக்கமும் ஆள் நிண்டு இழுத்து இழுத்துக் கிட்ட கிட்ட வரணும். இப்படி இழுத்தா வல மூடாது, மீனெல்லாம் அங்கால ஓடிரும். மறுகா அடுத்த பக்கத்துல வல நிறைய மீனாம்! எப்படி வந்த மீன்?"

நான் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன். பச்சை வட்டம் ஒட்டிய அத்தனை புத்தகங்களையும் வாசித்து ஒரு கேள்வியும் கேட்காத பிள்ளை, இதோ புத்தகத்தோடு சண்டைக்கு நிற்கிறது! படத்தையும் எழுத்தையும் அடுத்த பக்கத்தையும் ஒன்றோடொன்று முட்டவைத்துப் பார்த்திருக்கிறது. அவளைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் முத்தமிட்டேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, "பிழைதானே, டீச்சர்?" என்றாள்.

"பிழைதான் மகள். பச்சப் பிழை!"

அந்தச் சத்தத்துக்குப் பிரதி அதிபர் வந்துவிட்டார். மேசையில் கிடந்த புத்தகத்தைக் கண்டதும் முகம் மாறிப்போனது. பிள்ளைகள் போகும் வரை காத்திருந்தார்.

"கடல் புத்தகத்தையா குடுத்தீங்க, டீச்சர்? அதுவும் அந்தப் புள்ளைக்கு?"

"அவதான் எடுத்த, சேர். நான் குடுக்கல்ல. கரடியும் பனியும் அவவுக்கு என்ன தெரியும்? கண்டிரிக்காவா, தொட்டிரிக்காவா? அவவுக்குத் தெரிஞ்சதெல்லாம் நீங்க அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிரிக்கீங்க. தெரிஞ்ச ஒண்டும் இல்லாத புத்தகத்துல அந்தப் புள்ள என்னத்தப் புடிச்சி ஏறும்?"

எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து, புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புள்ளயளுக்காகத்தான் பூட்டின எண்டு நினைச்சிட்டிருந்தன்" என்றார். அலுமாரித் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அதை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

லீவு விடுகிற நாள் வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். வாப்பா மகளைக் கூட்டிப்போக வந்தார். அவளுடைய கொப்பி, கதிரை எல்லாவற்றையும் கணக்குத் தீர்த்துவிட்டுப் போகிற முகம்.

"நானா, கொஞ்சம் இருங்க. மகள் ஒரு கதை சொல்லுவா" என்றேன்.

"வாசிப்பாவா?"

"வாசிச்சிட்டா. இனிச் சொல்லுவா."

சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் உயர உட்கார்ந்தார். அவள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பிரதி அதிபரும் வாசலோரம் வந்து நின்றுகொண்டார். அட்டையில் இருந்த வள்ளத்தைக் கண்டதும் வாப்பாவின் கை சாரத்தை இறுக்கிப் பிடித்தது. நான் தடுக்கவா விடவா என்று தவித்தேன்.

அவள் தொடங்கிவிட்டாள். "ஒரு பெடியன் இரிக்கான், வாப்பா. அவனுக்கு வள்ளத்துல போக ஆச. சின்னவன் எண்டு கூட்டிட்டுப் போகல்ல. கரைவல இழுக்க விடுறாங்க. இந்தா பாருங்க, ஒரு கயித்துலதான் இழுக்கிறாங்க."

வாப்பா எட்டிப் பார்த்தார். "எந்த மடையன் கீறின இத?" என்றார்.

"நானும் அதத்தான் டீச்சரிட்டச் சொன்ன!"

இருவரும் சேர்ந்து அந்தப் படத்தைத் திட்டினார்கள். கயிறு எங்கே வர வேண்டும் என்று அவர் வாங்குப் பலகையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். முகாமுக்கு வந்த பிறகு அவர் மகளோடு இவ்வளவு கதைத்ததில்லை என்று சாச்சி பிறகு சொன்னார்.

"மறுகா?" என்றார்.

"மறுகா அவன்ட வாப்பா ஆழத்துக்குப் போறாரு. காத்து எழும்புது. வள்ளம் வரச் சுணங்கிற்று. எல்லாரும் வந்துட்டாங்க, அவரக் காணல்ல."

அவள் புத்தகத்தை மூடினாள். இன்னும் ஒரு பக்கம் இருப்பது எனக்குத் தெரியும்.

"மறுகா?"

"அவ்வளவுதான், வாப்பா."

"வள்ளம் வந்ததா, இல்லயா?"

"வந்த."

"வந்து?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? கண்ணை வேறு பக்கம் திருப்பினால் அவள் தனித்துவிடுவாள் என்று திருப்பாமல் நின்றேன். அவள் மெதுவாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வாப்பாவின் மடியில் வைத்தாள். முந்தானையால் தலையை மூடிய ஒரு பெண் கரையில் நிற்கிறாள். தூரத்தில் வள்ளம் வந்துகொண்டிருக்கிறது.

"அவன்ட உம்மா பாத்துட்டு நிக்கிறா" என்றாள். "எங்கட உம்மாவும் பாத்துட்டு நிக்கத்தானே போன. நீங்க வந்தீங்க. உம்மாதான் நிக்கல்ல."

வாப்பா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்துத் தெரியாத மனிதர். படத்தின் கீழே இருந்த வரிகளில் விரலை வைத்தார்.

"ஏன் சுணங்கின எண்டு கேட்டாவா?"

அவர் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் குனிந்து, வாப்பாவின் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து, அந்த வரிகளை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். சத்தமில்லாமல், மெதுவாக, ஒரு தடவை மேலே திரும்பிப் போய், பிறகு கீழே வந்து.

"கேக்கல்ல, வாப்பா. சிரிச்சிட்டு நிக்கிறா."

அவர் உடைந்து அழுதார். மகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல, ஏங்கி ஏங்கி அழுதார். அவள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. வாசலில் பிரதி அதிபர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நெடுநேரம் கழித்து வாப்பா எழுந்தார். முகத்தைத் தோளில் துடைத்தார். புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பி எதையோ தேடினார்.

"இது என்ன நிறம், டீச்சர்?"

"அதுக்கு நிறம் ஒட்டல்ல, நானா."

அதை மகளின் பைக்குள் அவரே வைத்தார். பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"லீவு முடிஞ்சி ஸ்கூல் எண்டைக்குத் தொறக்கிற, டீச்சர்?"

நான் வாய் திறக்கும் முன்பே அவள்தான் சொன்னாள்.

"திங்கக்கிழம, வாப்பா."